உயவின்றி ஓடுமோ மின்னுந்து?

(பட்டறைத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)

கையிலுள்ள எண்ணெய்க் கறை காயுமுன்னரே வேலைமேடையை விட்டெழுந்து நேரே இங்கு வந்து அமர்ந்திருக்கும் தம்பிமார்களே!

பேசத் தொடங்குமுன் ஒரு பொருளை உங்கள் கையில் தருகின்றேன். பட்டறையில் பேரிங் என்று வாய்பழகச் சொல்லுகின்றோமே, அந்தத் தாங்கியின் புறவளையம் இது. இரண்டாக அறுத்து வைத்திருக்கின்றேன். உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். குண்டுகள் உருண்டோடும் தடம் கண்ணாடிபோல் வழவழப்பாக இருத்தல் வேண்டும். ஆனால் உங்கள் விரலுக்கு அது வரிவரியாக, துணி துவைக்கும் கல்லில் கொத்திய கீற்றுகளைப் போலத் தட்டுப்படும். தூசு புகுந்தால் வளையத்தில் கீறல் விழும். சுமை மிகுந்தால் செதில் செதிலாகப் பெயரும். எண்ணெய் வற்றினால் நீலம் பாரித்துக் கறுக்கும். இம் மூன்றில் ஒன்றும் இதில் இல்லை. இந்த வளையத்தை அரித்துத் தின்றது மின்னோட்டம். எப்படித் தின்றது என்பதைப் பின்னர்ச் சொல்லுகின்றேன். வளையம் கைமாறிக் கைமாறிச் செல்லட்டும்.

"மின்னுந்துக்கு எண்ணெய் வேண்டா, உயவு வேண்டா, வாங்கினால் போதும், ஓட்டினால் போதும்" என்று விற்பனைக் கூடங்களில் சொல்லுகின்றார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளும் அதை நம்புகின்றார்கள். இச் சொல்லில் உண்மை அறவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கன்னெய் எரிக்கும் பொறியிலே உந்துதண்டு உண்டு, உருளை உண்டு, வளைவச்சு உண்டு, அடைப்பிதழ்கள் உண்டு. அத்தனையும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே கிடப்பவை. பின்லாந்தைச் சேர்ந்த ஓல்ம்பெர்கும் அவர்தம் உடனாய்வாளர்களும் 2012-இல் வெளியிட்ட கணக்கின்படி, மகிழுந்தில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் மூன்றிலொரு பங்கு உராய்வை வெல்லுவதற்கே போய்விடுகின்றது. வண்டியை நகர்த்துவதற்குப் பயன்படுவது 21.5 விழுக்காடுதான். மின்னோடி வந்தவுடன் இந்த உரசற் கூட்டத்தில் பெரும்பகுதி ஒழிந்துவிட்டது. ஆயிரக்கணக்கான கல் தொலைவுக்கு ஒருமுறை கரிபடிந்த எண்ணெயை வடித்துவிட்டுப் புதிது ஊற்றும் வேலையும் ஒழிந்துவிட்டது. இவ்வளவும் உண்மையே.

ஆனால் மின்னோடி சுழலுகின்றதே, அதன் அச்சைத் தாங்குவது எது? அச்சின் விரைவைக் குறைத்து உருளிக்குக் கொடுப்பது எது? தாங்கியும், கியர் என்று நாம் சொல்லும் பல்லுருளியும் அன்றோ? மாழையோடு மாழை தொட்டுச் சுழலும் இடத்தில் உயவு வேண்டா என்றால், அதைச் சொல்லுகின்றவர் ஒன்று அறியாதவராயிருத்தல் வேண்டும்; அன்றி, விற்க வந்தவராயிருத்தல் வேண்டும்.

உயவு என்னும் சொல்லைக் கேட்டு இங்குள்ள சிலர் புருவம் உயர்த்துகின்றீர்கள். வண்டிமை, மசகு என்றால் உங்கள் பாட்டன்மார் எழுந்து வந்து விளக்கியிருப்பார்கள். வைக்கோலைக் கரியாக்கி, விளக்கெண்ணெயில் குழைத்து, மாட்டுவண்டியின் அச்சாணியைக் கழற்றி, குடத்துக்குள் அந்த மையை அப்பிவிட்டுத்தான் பாரவண்டி புறப்படும். மை காய்ந்துவிட்டால் வண்டி கத்தும், மாடு தளரும், அச்சும் குடமும் தேயும். வழியிலே அச்சு முறிந்தால் என் செய்வதென்று, உப்பு வணிகர் தம் வண்டியின் அடியில் மாற்றச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு சென்றதைப் புறநானூற்றில் ஔவையார் காட்டுகின்றார். தேய்வு வரும், முறிவு வரும் என்று எதிர்பார்த்தே வண்டி ஓட்டியவர்கள் அவர்கள். தேய்வே வராதென்று சொல்லி விற்றவர் அன்று ஒருவருமில்லை.

உயவு எப்படி வேலை செய்கின்றது என்பதை உலகம் நெடுநாள் அறியாமலே இருந்தது. 1883-இல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்னும் பொறியாளர் புகைவண்டி அச்சின் தாங்கிகளை ஆய்ந்துகொண்டிருந்தார். எண்ணெய் ஊற்றுவதற்காகத் தாங்கியின் தலையில் ஒரு துளையிட்டார். அச்சு சுழன்றபோது துளை வழியே எண்ணெய் உள்ளே போகவில்லை. மேலே பொங்கி வெளியே வழிந்தது. தக்கையை வைத்து அடைத்தார். தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரமுளை அடித்தார், அதுவும் தள்ளப்பட்டது. அப்பொழுதுதான் அவருக்கு விளங்கிற்று: சுழலும் அச்சு எண்ணெயைத் தனக்கடியில் இழுத்துச் செருகிக்கொண்டு, அதன் அழுத்தத்தின்மேல் மிதக்கின்றது, மாழை மாழையைத் தொடுவதே இல்லை! மூன்றாண்டு கழித்து, 1886-இல், ஆசுபோர்ன் இரெனால்ட்சு அதற்குக் கணக்கு வகுத்துக் கொடுத்தார். மழைநீர் தேங்கிய தார்ச்சாலையில் விரைந்து போகும் உருளி நிலத்தைத் தொடாமல் நீரின்மேல் வழுக்குவதைக் கண்டிருப்பீர்கள். அங்கே உயிரை வாங்கும் அதே வினைதான் தாங்கிக்குள்ளே பொறியின் உயிரைக் காக்கின்றது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மிதக்கவேண்டுமாயின் விரைவு வேண்டும். நின்றுகிடக்கும் அச்சு மிதப்பதில்லை. கன்னெய்ப் பொறியானது வண்டி நகருமுன்னரே ஓடத் தொடங்கிவிடும். பிடிப்பியை மெல்ல விட்டுத்தான் சுமையை ஏற்றுவோம். மின்னோடியோ, நின்ற நிலையிலேயே தன் முழு முறுக்குவிசையையும் கொடுக்கவல்லது. சாலைவிளக்கு பச்சையாக மாறியவுடன் பிள்ளைகள் பாய்ந்து போகின்றார்களே, அந்த நொடியில் பல்லுருளியின் பற்களுக்கிடையே எண்ணெய்ப் படலம் முழுமையாகப் படரவில்லை. சுமையோ முழுமையாக ஏறிவிட்டது. அப்பொழுது பல்லைக் காப்பது எண்ணெயின் மிதப்பன்று. எண்ணெயில் கலந்துள்ள கூட்டுப்பொருள்கள் மாழையின் மேல் பூசியுள்ள மெல்லிய தோலே.

இனி, விரைவுக்கு வருவோம். நாம் பழகிய மகிழுந்தின் பொறி மணித்துளிக்கு ஆறாயிரம் சுற்றுச் சுற்றினால் அலறும். 2010-இல் வந்த நிசான் லீஃப் மின்னுந்தின் மின்னோடி பத்தாயிரத்துக்கு மேல் சுற்றும். டெசுலா 2021-இல் விற்பனைக்கு விட்ட பிளேடு வண்டியின் மின்னோடி இருபதாயிரத்தைத் தாண்டும். அத்தனை விரைவில் தாங்கிக்குள் இருக்கும் உயவுப்பசை, அதாவது கிரீசு, நடுவிலக்கு விசையால் வெளியே வீசியெறியப்படுகின்றது. பல்லுருளிப் பெட்டிக்குள் எண்ணெய் கடைந்த மோராக நுரைக்கின்றது. நுரையில் காற்றுண்டு, காற்றுக்கு உயவு தெரியாது.

வேறு சில தொல்லைகளையும் தொட்டுச் செல்கின்றேன். வேகத்தைக் குறைக்கும்போது மின்னோடியே மின்னாக்கியாக மாறி வண்டியை இழுத்துப் பிடிக்கின்றது. அதனால் பல்லின் ஒரு முகத்தில் விழுந்த சுமை மறுமுகத்துக்கு மாறி மாறி விழுகின்றது. பொறியின் இரைச்சல் இல்லாமையால் பல்லுருளியின் சிறு முனகலும் காதில் விழுகின்றது. தேயாமையாலும் ஒரு கேடு உண்டு: நிறுத்துத் தட்டுகளுக்கு வேலை குறைந்துபோய், மழைக்காலத்தில் அவை துருவேறுகின்றன.

இவற்றையெல்லாம் ஒரே எண்ணெயைக் கொண்டு தீர்க்க முற்படுகின்றார்கள். அங்கேதான் உண்மையான சிக்கல் தொடங்குகின்றது. கூர்ந்து கேளுங்கள்.

மின்னோடியின் செப்புச் சுருள்கள் கடுஞ்சூடு அடைகின்றன. நீர் எண்ணெயைப்போல் இருமடங்கு வெப்பத்தை ஏந்தவல்லது; ஆனால் மின்னோட்டமுள்ள சுருளின்மேல் நீரைத் தெளிக்க முடியுமா? எண்ணெயைத் தெளிக்கலாம். ஆகவே பல வண்டிகளில், பல்லுருளிக்கு உயவாகும் எண்ணெயே சுருள்களின்மீதும் பொழியப்பட்டு அவற்றைக் குளிரச் செய்கின்றது. குளிரச் செய்யவேண்டுமாயின் எண்ணெய் நீர்த்து, விரைந்து ஓடுவதாக இருத்தல் வேண்டும். நீர்த்த எண்ணெயைக் கடைவதில் ஆற்றல் இழப்பும் குறைவு. ஒருமுறை மின்னேற்றினால் ஓடும் தொலைவும் சற்றுக் கூடும். ஆனால் பல்லுக்கு வேண்டுவது தடித்த எண்ணெய்! எண்ணெய் மெலிந்தால் படலமும் மெலிகின்றது. தாங்கியிலும் பல்லிலும் அப் படலத்தின் தடிப்பு, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறிட்டால் அதில் ஒரு கூறளவே. பலவேளை அதனினும் குறைவு. அதையும் மெலியவைத்தால் பல்லின் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் தோன்றி, சாம்பல் பூத்தாற்போல் மங்கி, பின்னர்ப் பெயர்ந்து விழும்.

மெலிந்த எண்ணெயை வலுவாக்கக் கூட்டுப்பொருள் சேர்க்கலாமே என்பீர்கள். பல்லுருளிப் பெட்டியைத் திறந்தவுடன் மூக்கைத் துளைக்கும் முடைநாற்றத்தை அறியாதவர் இக்கூட்டத்தில் எவருமிலர். அது கந்தகத்தின் நாற்றம். கடுஞ்சுமையில் அக் கந்தகம் இரும்போடு சேர்ந்து ஒரு தோலாகி, பல்லுக்கு மாற்றாகத் தான் தேய்ந்து பல்லைக் காக்கின்றது. ஆனால் கந்தகத்துக்கும் செம்புக்கும் ஆகாது. செம்பைக் கண்டால் கந்தகம் அதைக் கறுக்கச் செய்யும். அந்தக் கறுப்பு மின்னோட்டத்தைக் கடத்தும். இரண்டு மின்முனைகளுக்கிடையே அது படிந்து பாலம் போட்டால், அங்கே குறுக்கோட்டம் ஏற்பட்டு மின்னோடியே எரிந்து போகும். இரும்புக்கு மருந்தானது செம்புக்கு நஞ்சாகின்றது! இதனாலேதான் உயவு நூலார் பலர் இன்று கந்தகத்தைக் குறைத்துப் பாசுபரசு, போரான் முதலியவற்றின் சேர்மங்களை நாடிப் புதுக் கலவைகளைத் தேடிக்கொண்டிருக்கின்றார்கள்.

தம்பிமார்களே, இவ்விடத்தில் ஒரு சொல். உங்கள் பட்டறையின் மூலையில் 90 எண் பல்லுருளி எண்ணெய் ஒரு தகரத்தில் இருக்கும். சரக்குந்துக்கு ஊற்றி மிஞ்சியது. மின்னுந்தின் பெட்டியில் எண்ணெய் குறைந்திருக்கின்றதென்று அதை எடுத்து ஊற்றிவிடாதீர்கள்.

இப்பொழுது, உங்கள் கையில் இருக்கும் வளையத்தின் கதை. நான் கோவைப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் மின்பிரிவில் வேலை பார்த்தவன். பதினைந்தாண்டு முனகாமல் ஓடிய மின்னோடிகள் அங்கே இருந்தன. விரைவைக் கூட்டவும் குறைக்கவும் வாய்ப்பாக இருக்குமென்று அவற்றுக்கு இன்வெர்ட்டர் என்னும் அலையாக்கிகளைப் பொருத்தினார்கள். எட்டுத் திங்களில் தாங்கிகள் ஊளையிட்டன. மாற்றினோம். மீண்டும் எட்டுத் திங்கள், மீண்டும் ஊளை. பசை சரியில்லையென்று பசை விற்றவரைக் கடிந்தார்கள். பொருத்தியவன் கை சரியில்லையென்று என்னைக் கடிந்தார்கள். ஓய்வுக்கு முந்தைய ஆண்டில்தான் ஒரு தாங்கியை அறுத்துப் பார்க்கவேண்டுமென்ற எண்ணம் எனக்குத் தோன்றிற்று. இந்த வரிகளைக் கண்டேன்.

நடந்தது இதுவே. மூன்று கம்பிகளில் வரும் இயல்பான அலைமின்னோட்டத்தின் அழுத்தங்களை எந்நொடியில் கூட்டினாலும் கூட்டுத்தொகை சுழியாகும். அலையாக்கியோ அலையை உண்மையாக வளைத்துத் தருவதில்லை. மின்னழுத்தத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டித் துண்டுகளாகத் தந்து, அலையென்று மின்னோடியை நம்பவைக்கின்றது. அத் துண்டுகளின் கூட்டுத்தொகை சுழியாவதில்லை. மிச்சமுள்ள அழுத்தம் காற்றிடைவெளியைக் கடந்து சுழலியில் ஏறுகின்றது, அச்சில் தேங்குகின்றது. அச்சுக்கும் நிலத்துக்கும் இடையே தடையாக நிற்பது தாங்கிக்குள் இருக்கும் எண்ணெய்ப் படலம் ஒன்றே. அதன் மெலிவை முன்னரே சொன்னேன். சில வோல்ட்டு, சிலவேளை சில பத்து வோல்ட்டு ஏறியவுடன் படலம் கிழிந்து பொறி பறக்கின்றது. கண்ணுக்குத் தெரியாத சிறு மின்னல். அது விழுந்த இடத்தில் எஃகு உருகி ஒரு நுண்குழி விழுகின்றது. அடுத்த நொடியில் மற்றொரு மின்னல். கோடிக்கணக்கான குழிகள் சேர்ந்து, குண்டுகள் அவற்றின்மேல் துள்ளித் துள்ளி, இறுதியில் நீங்கள் தடவும் இவ்வரிகள் ஆகின்றன. பசையும் கருகிக் கறுத்துவிடுகின்றது.

அச்சில் மின்னோட்டம் ஏறும் என்பது புதுச் செய்தியன்று. ஆல்கர், சாம்சன் என்னும் இருவர் 1924-இலேயே இதைப் பற்றி அமெரிக்கப் பொறியாளர் மன்றத்தில் கட்டுரை படித்துள்ளனர். ஆயினும் அன்று பெரும் பொறிகளில் மட்டும் இருந்த நோய் இது. இன்று ஒவ்வொரு மின்னுந்தும் தனக்குள் ஓர் அலையாக்கியைச் சுமந்து செல்கின்றது. 400 வோல்ட்டு அளவில் இருந்த மின்கலத் தொகுதிகள், 2019-இல் வந்த போர்சே டைக்கான் முதலாக 800 வோல்ட்டுக்கும் ஏறிவிட்டன. சிலிக்கன் கார்பைடு என்னும் புதிய திறப்பிகள் முன்னிலும் பன்மடங்கு விரைந்து மின்னை வெட்டுகின்றன. வெட்டு கூர்மையாக ஆக, ஆற்றல் மிச்சமாகின்றது. தாங்கியின்மேல் அடியும் வலுக்கின்றது.

மருந்து இல்லையா? உண்டு. எஃகுக் குண்டுகளுக்கு மாற்றாகச் சிலிக்கன் நைட்ரைடு என்னும் பீங்கான் இனத்துக் குண்டுகளை இடலாம்; அவை மின்னைக் கடத்தா. ஆனால் விலை மிகுதி. அச்சைச் சுற்றிக் கரியிழைத் தூரிகை வளையம் ஒன்றைப் பூட்டி, மின்னுக்கு வேறு வழி காட்டிவிடலாம். தூரிகையும் தேயுமன்றோ, எண்ணெயும் அழுக்கும் படியுமன்றோ? மேலும் மின்னோட்டம் வெள்ளம் போன்றது. மின்னோடியின் தாங்கியை அடைத்தால், அச்சு வழியே பல்லுருளிப் பெட்டிக்குள் நுழைந்து அங்குள்ள தாங்கியையும் பல்லையும் தின்னத் தொடங்கும். ஒன்றை மட்டும் அடைத்துவிட்டு உறங்குதல் இயலாது. எண்ணெயையே சிறிது மின்கடத்துவதாக ஆக்கிவிட்டால் மின்னல் தேங்காமல் வழிந்துவிடுமே என்று ஒரு சாரார் ஆய்கின்றனர். அதே எண்ணெய்தான் 800 வோல்ட்டுச் சுருளின்மீதும் பொழிகின்றது என்பதை மறவாதீர்கள்.

பசையைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். இதில் எனக்கொரு தனி மகிழ்ச்சி உண்டு. உலகில் ஆக்கப்படும் உயவுப்பசைகளில் பெரும்பகுதி இலித்தியப் பசை. 1942-இல் அமெரிக்காவில் ஏர்ல் என்பவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். அப் பசைக்கு உடல் கொடுப்பது எண்ணெய் என்றால், எலும்பு கொடுப்பது ஒரு சவர்க்காரம். அந்தச் சவர்க்காரத்துக்குரிய கொழுப்பமிலம் எதிலிருந்து வருகின்றது தெரியுமா? ஆமணக்கிலிருந்து! நம் பாட்டன் வைக்கோற் கரியில் குழைத்த அதே விளக்கெண்ணெய். உலகில் ஆமணக்கை மிகுதியாக விளைப்பது இந்தியா, அதிலும் குசராத்து. நம் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரிலும் மரவள்ளிக்கும் ஆமணக்குக்குமாக ஓர் ஆய்வு நிலையம் நடக்கின்றது. ஆனால் அச் சவர்க்காரத்தின் மறுபாதி இலித்தியம். அதே இலித்தியத்தை மின்னுந்தின் மின்கலமும் கேட்கின்றது. 2021, 2022-ஆம் ஆண்டுகளில் இலித்தியத்தின் விலை பன்மடங்கு ஏறியபோது பசை செய்வோர் திகைத்தனர். கால்சியப் பசைக்கும், பாலியூரியா என்னும் பசைக்கும் பலர் திரும்பினர். மின்னுந்து தன் தாங்கிக்கு வேண்டிய பசையின் பொருளைத் தானே விலையேற்றிவிட்ட விந்தை இது.

பசையின் வாழ்நாளுக்கு ஒரு கணக்கு உண்டு, குறித்துக்கொள்ளுங்கள். தாங்கியின் சூடு 70 பாகையைத் தாண்டிய பின்னர், ஒவ்வொரு 15 பாகை ஏறும்போதும் பசையின் வாழ்நாள் பாதியாகும். நம் சித்திரை வெயிலில், நெரிசலில், இருவரை ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறும் ஈருருளியை எண்ணிப் பாருங்கள்.

ஈருருளி என்றவுடன் இது நம் வீட்டுச் செய்தியாகிவிடுகின்றது. ஒசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின் ஈருருளிகளை இலக்கக் கணக்கில் கட்டி வெளியே விடுகின்றார்கள். அவற்றுட் சில வாரால் ஓடுவன. சில சங்கிலியால் ஓடுவன. சிலவற்றில் மின்னோடி பின்னுருளியின் குடத்துக்குள்ளேயே அமர்ந்திருக்கின்றது. சங்கிலிக்கு எண்ணெய் வேண்டும் என்று எவரும் சொல்லவேண்டியதில்லை. ஆனால் எண்ணெய் வேண்டா வண்டியென்று நம்பியவன் சங்கிலியைத் திரும்பியும் பாரான். குடத்துக்குள் இருக்கும் மின்னோடிக்கு நீரே பெரும் பகை. 2023 திசம்பரில் சென்னையில் தெருத்தெருவாக வண்டிகள் மூழ்கிக் கிடந்தன. வெள்ளம் வடிந்தவுடன் மின்கலம் நனைந்ததா என்று எல்லாரும் பார்த்தார்கள். தாங்கியின் அடைப்பு வளையத்தைக் கடந்து நீர் புகுந்து பசை பாலாகத் திரிந்ததா என்று பார்த்தவர் எத்தனை பேர்?

சென்ற ஆண்டு, நெடுஞ்சாலையோரத்தில் பட்டறை நடத்தும் என் நண்பரிடம் ஒரு மின் மகிழுந்து வந்தது. அடியில் கல் பட்டுப் பல்லுருளிப் பெட்டியிலிருந்து எண்ணெய் கசிந்திருந்தது. கசிவை அவர் அடைத்துவிட்டார். எந்த எண்ணெய், எவ்வளவு என்று வண்டியோடு வந்த கையேட்டைப் பார்த்தார். அந்நிய மொழியில் இருந்த அக் கையேட்டிலும் அச் செய்தி இல்லை. நிறுவனத்துக்குத் தொலைபேசினார். "அது வாழ்நாள் முழுமைக்கும் நிரப்பப்பட்டது, வண்டியை எங்கள் பணிமனைக்கு இழுத்துவருக" என்று விடை வந்தது. பணிமனை நூற்றிருபது கிலோமீட்டர் தொலைவில்! வாழ்நாள் என்றால் யாருடைய வாழ்நாள்? வண்டியினுடையதா, பொறுப்புறுதித் தாளினுடையதா? என் நண்பர் மூலையிலிருந்த தகரத்தை எடுத்து ஊற்றியிருக்கலாம், காசும் வாங்கியிருக்கலாம். ஊற்றவில்லை. வண்டியை இழுவையில் ஏற்றி அனுப்பிவிட்டு, அன்றைய கூலியை இழந்தார்.

பெட்டியின் வெளிப்புறத்திலேயே, எண்ணெயின் இனம் இன்னது, அளவு இவ்வளவு, பார்க்கவேண்டிய தொலைவு இத்தனை என்று நம் தமிழில் மூன்று வரி பொறித்து விற்பதற்கு என்ன செலவாகும்? மூன்று வரிதான். அதைக் கேட்கவேண்டியவர்கள் வண்டியை வாங்குகின்றவர்கள். வாங்கியபின் அன்று, வாங்குமுன்னர். விலை பேசும் மேடையில் நிறத்தையும் கேட்டு, தவணையையும் கேட்டு, இதையும் கேட்கட்டும். தம்பிமார்களே, உங்களிடம் வரும் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லியனுப்புங்கள். பழுதான தாங்கி கிடைத்தால் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். அறுத்து, உள்ளே பார்த்து, வரி இருந்தால் எந்த வண்டி, எத்தனை கிலோமீட்டர் என்று எழுதி ஒரு கட்டில் போட்டு வையுங்கள். ஓராண்டில் இம் மாவட்டத்துப் பட்டறைகள் எல்லாம் சேர்த்தால், எந்த நிறுவனமும் மறுக்கமுடியாத ஒரு கணக்கு நம் கையில் இருக்கும்.

வளையம் கடைசி வரிசை வரை போய்விட்டதா? அந்தப் பையனிடமிருந்து வாங்கி முன்னே அனுப்புங்கள். வரும் ஞாயிறு ஈரோட்டில் காட்டவேண்டியிருக்கின்றது.